24 மணி நேரம், 319.614 கிலோமீட்டர்

பிப்ரவரி 3

விடிவதற்குள் மைதானத்துக்குப் போய் ஒரு கிலோமீட்டரை 4 நிமிடம் 30 விநாடியில் ஓடிப் பார்த்தேன். முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. மூன்றாவதில் மூச்சு இரைத்தது. லிதுவேனியாவின் அலெக்சாண்டர் சொரோகின் ஒரு நாள் முழுக்க ஓடிய சராசரி வேகம் இது. 2022 செப்டம்பரில், இத்தாலியின் வெரோனாவில், 24 மணி நேரத்தில் 319.614 கி.மீ. மாரத்தானுக்கு 3 மணி 10 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், நடுவில் ஓய்வே இல்லாமல் ஏழரை மாரத்தான். தண்ணீர் குடித்தது, ஒதுங்கப் போனது எல்லாம் அந்தச் சராசரிக்குள்ளேயே அடக்கம்.

பிப்ரவரி 6

இன்று முழுக்க யானிஸ் கூரோஸ் நினைவுதான். 1997 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில், தடகள மைதானத்தில் 303.506 கி.மீ. ஓடினார் இந்த கிரேக்கர். 400 மீட்டர் சுற்றாகக் கணக்குப் போட்டால் 758 சுற்றுக்கு மேல் வருகிறது. 24 வருடம் அந்தச் சாதனையை யாராலும் தொட முடியவில்லை. 2021 ஆகஸ்டில் போலந்தின் பபியானிட்சேவில் இதே சொரோகின்தான் 309.399 கி.மீ. ஓடி அதைத் தாண்டினார். வித்தியாசம் 5.893 கி.மீ. கூரோஸின் வேகத்தில் அதை ஓட 28 நிமிடம் போதும். அந்த 28 நிமிடத்தை ஒரு நாளுக்குள் கண்டெடுக்க உலகத்துக்கு அத்தனை வருடம் ஆகியிருக்கிறது!

பிப்ரவரி 7

ஓய்வு. கால் கனக்கிறது.

பிப்ரவரி 14

நாளை நண்பர் ஒருவருக்கு 12 மணி நேர மைதான ஓட்டம். சாப்பாட்டு மேசை என் பொறுப்பு. உப்பு போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு, வாழைப்பழத் துண்டு, நீர்த்த அரிசிக் கஞ்சி. அவரிடம் ஒன்றுதான் சொன்னேன்: "நின்னு சாப்பிடாதீங்க, கையில வாங்கிட்டு நடங்க." சொரோகினின் வேகத்தில் ஒரு நிமிடம் நின்றால் 220 மீட்டர் போச்சு. நம் வேகத்தில் இழப்பு குறைவுதான். ஆனால் நின்ற காலை மறுபடி கிளப்புவது பெரும்பாடு.

பிப்ரவரி 15, இரவு

எட்டாவது மணி நேரத்தில் அவர் பனியனில் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. உருளைக்கிழங்கை வாயில் போட்டவர் மெல்லாமல் கன்னத்திலேயே அடக்கிக்கொண்டு அரைச் சுற்று ஓடினார். விழுங்க முடியவில்லை. ஓடும்போது ரத்தம் காலுக்குப் போய்விடுவதால் குடல் வேலையைக் குறைத்துக்கொள்ளும் என்று படித்திருந்தேன். இன்று கண்ணால் பார்த்தேன். அப்புறம் கஞ்சி மட்டும்தான், அதுவும் இரண்டு மடக்கு. கடைசி இரண்டு மணி நேரத்தில் வேகம் திரும்பியது.

பிப்ரவரி 16

காலையில் போன் செய்தார். காலில் வலி இருந்தாலும் குரலில் தெம்பு. "24 மணி நேரம் ஒண்ணு ஓடிப் பாக்கலாமா?" என்றார். சரி என்றேன். இந்த முறை கஞ்சி முதல் மணி நேரத்திலிருந்தே.