ஓட்டை விழுந்த கிளிஞ்சலுக்கு என்ன விலை?

ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கடற்கரைக்கோ தோப்புக்கோ கூட்டிப்போகும்போதெல்லாம் கடைசி ஒரு மணி நேரம் நாங்கள் ஒரு சந்தை போடுகிறோம். காசு கிடையாது, பண்டமாற்றுதான். அன்று பொறுக்கியதை ஆளுக்கொரு துண்டு விரித்துப் பரப்பி வைக்க வேண்டும். மாற்றிக்கொள்வதற்கு முன்னால் அது எங்கே கிடந்தது, பக்கத்தில் என்ன இருந்தது, அது என்னவாக இருக்கும் என்று நினைக்கிறாய், இந்த மூன்றையும் சொல்லியாக வேண்டும். சொல்கிற விஷயத்துக்குத்தான் விலை, அழகுக்கு இல்லை.

இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் மினசோட்டா அறிவியல் அருங்காட்சியகத்தில் 'கலெக்டர்ஸ் கார்னர்' என்று ஒரு மூலை இருக்கிறது. பிள்ளைகள் கல், கிளிஞ்சல், விதை என்று கொண்டுபோய்க் கொடுத்து, அதைப் பற்றித் தெரிந்ததைச் சொன்னால் புள்ளிகள் கிடைக்கும், அந்தப் புள்ளிகளுக்கு அங்கிருக்கும் வேறொன்றை வாங்கிக்கொள்ளலாம். இதற்கு நம் ஊரில் கட்டடம்கூட வேண்டாம், ஒரு புங்கமர நிழல் போதும் என்று தோன்றியது.

எங்களுக்குப் புள்ளி மஞ்சாடி விதைதான். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்பது பொற்கொல்லர்களின் பழைய கணக்கு. நாலு மஞ்சாடியை மின்தராசில் போட்டால் ஏறக்குறைய ஒரு கிராம் வருகிறது, பிள்ளைகள் அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள். குன்றிமணியை மட்டும் சந்தையில் அனுமதிப்பதில்லை, எவ்வளவு கெஞ்சினாலும். அதன் ஓடு உடைந்து உள்ளே போனால் கொடிய விஷம், சின்னப் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள்.

ஒருமுறை கடற்கரைச் சந்தையில் எல்லோரும் வழவழப்பான பெரிய சங்குகளைச் சுற்றி நின்றபோது, ஒரு பெண் மட்டும் சாதாரண வெள்ளைக் கிளிஞ்சல்களாகவே பொறுக்கி வைத்திருந்தாள். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஒரு ஓட்டை, கம்மல் போடத் துளைத்தது போல அவ்வளவு வட்டம். யாராவது நூல் கோக்கத் துளைத்திருப்பார்கள் என்றான் ஒருவன். இல்லை, ஓட்டை வெளியே அகலமாகவும் உள்ளே போகப்போகச் சின்னதாகவும் இருக்கிறது, பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, யாரோ வேண்டுமென்றே பார்த்துச் செய்திருக்கிறார்கள் என்று அவள் விடவில்லை. அந்த 'யாரோ' மணலுக்குள் ஊர்ந்து வேட்டையாடும் ஒருவகைக் கடல் நத்தை. கிளிஞ்சலுக்குள் வாழும் மட்டியைப் பிடித்து, அமிலம் கலந்த சுரப்பால் அதன் மேலோட்டை இளக்கி, அரம் போன்ற நாக்கால் சுரண்டித் துளைத்து, உள்ளே இருக்கும் சதையைத் தின்றுவிடும். இதை நான் சொன்னது அவள் தன் வாதத்தை முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான். அன்றைக்குச் சந்தையிலேயே அதிக விலை போனது அந்த ஓட்டைக் கிளிஞ்சல்தான், பெரிய சங்கை வைத்திருந்த பையனே வந்து மாற்றிக்கொண்டான்.

அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போவது தப்பு என்று சொல்லவரவில்லை. ஆனால் கண்ணாடிக்குள் இருப்பதைப் புரட்டிப் பார்க்க முடியாது, அடிப்பக்கம் என்ன நிறம் என்று பார்க்க முடியாது, முக்கியமாக, இன்னொரு பிள்ளையோடு அதைப் பற்றிச் சண்டை போட முடியாது. பேரம் பேசும்போது பிள்ளைகள் பார்க்கிற பார்வையே வேறு.

எடுக்கக்கூடாதவற்றைப் பற்றியும் கறாராக இருக்க வேண்டும். உள்ளே உயிர் இருக்கிற எதையும் தொடக்கூடாது. சங்கைக் கையில் எடுத்தால் கொஞ்ச நேரம் பேசாமல் வைத்திருக்கச் சொல்வோம், துறவி நண்டு இருந்தால் மெல்லக் கால் நீட்டும், இருந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். பவளம், கடல்குதிரை, கடல் அட்டை, சில சங்கு வகைகள் எல்லாம் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் சேர்ந்தவை, கடையில் விற்கிறார்களே என்ற பேச்சுக்கே இடமில்லை. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாய்க் கிடக்கிற, ஏறக்குறைய 12 கோடி ஆண்டு பழைய மரத்தைப் பார்க்கப் போகும் நாளில் சந்தையே கிடையாது. திருவக்கரை கல்மரங்களுக்கும் அப்படித்தான். அங்கே நோட்டில் வரைந்துகொண்டு வரலாம், அந்தப் படங்களை வேண்டுமானால் வகுப்பில் மாற்றிக்கொள்ளலாம், சில்லு ஒன்றுகூடப் பைக்குள் போகக்கூடாது.

விதைச் சந்தைக்கு நல்ல காலம் பங்குனி. இலவம் வெடித்துப் பஞ்சு பறக்கும், ஆயா மரத்தின் இறகு விதைகள் தரையெல்லாம் கிடக்கும். ஆனால் அப்போது தேர்வு வந்துவிடுகிறது, எந்தத் தலைமையாசிரியரும் விடமாட்டார். அதனால் பள்ளி திறந்ததும் ஆனி, ஆடியில் போய்விடுங்கள். வேப்பங்கொட்டையும் நாவல் கொட்டையும் குவிந்து கிடக்கும், நாவல் கொட்டை எடுக்கிற சாக்கில் பழமும் தின்னலாம். தண்ணீரும் பழைய துண்டுகளும் கூடுதலாக எடுத்துப்போங்கள், மஞ்சாடி கிடைக்காவிட்டால் புளியங்கொட்டை போதும்.