யானையைக் குளிப்பாட்டிய கதை

கென்யாவின் அம்போசெலி தேசியப் பூங்காவிலிருந்து திரும்பிப் பத்து நாள் ஆகிறது. எடுத்த 2,300 படங்களில் மனத்துக்கு ஒப்பியவை இன்றுவரை பதினொன்று.

நான் கனவு கண்டது எல்லோரும் காண்கிற அதே படம்தான்: முன்னால் யானைக் கூட்டம், பின்னால் 5,895 மீட்டர் உயரக் கிளிமஞ்சாரோ. (மலை நிற்பது தான்சானியாவில்; நாங்கள் வாய்பிளந்து பார்த்தது கென்யாவிலிருந்து.) நாங்கள் இருந்த நாட்களில் காலை எட்டு மணிக்கெல்லாம் மேகம் மூடிவிட்டது. முதல் நாள் யானைகளை நெருங்கி அகலக்கோண லென்ஸில் எடுத்தேன். மலை ஓர் இட்லி அளவுக்குச் சுருங்கிப்போனது. மறுநாள் ஓட்டுநரே வண்டியைத் தூரத்தில் நிறுத்தி, நீள லென்ஸைப் போடச் சொன்னார். 300 மி.மீ.யில் அதே மலை யானைகளின் முதுகுக்குப் பின்னால் எழுந்து நின்றது. கூரைத் திறப்பில் நின்ற என்னை ஜன்னலுக்கு இறக்கியவரும் அவர்தான். மேலிருந்து எடுத்தால் யானைகூடக் குட்டையாகிவிடுகிறது.

வீட்டில் கணினி முன் உட்கார்ந்ததும் அடுத்த சபலம். அங்குள்ள வறண்ட ஏரிப் புழுதி யானைமேல் திருநீறுபோல் படிந்திருக்கும். மென்பொருளில் மூட்டம் நீக்கும் அளவை ஏற்றினேன். மலை பளிச்சென்றது, யானையோ கழுவித் துடைத்த பொம்மையாகிவிட்டது. பழையபடி திருப்பிவிட்டேன். கேமரா பதிந்த விவரங்களைக் குறைக்காமல் வைத்திருக்கும் ரா (RAW) கோப்பு என்பதால் மலையுச்சிப் பனியின் வெண்மையைச் சற்று இறக்கவும், கண்ணருகே நிழலைக் கொஞ்சம் வெளிச்சமாக்கவும் முடிந்தது. அவ்வளவுதான் செய்தேன்.

படத்தின் ஓரத்தில் ஒரு குட்டியின் வால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. அழித்துவிடுங்கள் அப்பா என்கிறாள் மகள். இருக்கட்டும் என்றேன்.