'-எச்' போட்டால் உதவி வரும் என்று நம்பாதீர்கள்

எங்கள் அலுவலகத்தின் கணினிக் கட்டளைக் கையேட்டுக்கு நான் அனுப்பி, இரண்டு வாரமாக இழுத்தடித்த திருத்தம் ஒன்று நேற்றுதான் ஏற்கப்பட்டது. நாலே நாலு வரி. அவை முன்பே இருந்திருந்தால் என் சனிக்கிழமை வீணாகியிருக்காது.

அந்தக் கையேட்டில் இப்படி இருந்தது: "எந்தக் கட்டளைக்கும் உதவி வேண்டுமென்றால் -எச் (-h) சேர்க்கவும்." அதை நம்பி, வேறொரு கட்டடத்தில் இருந்த லினக்ஸ் சர்வருக்குள் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து இன்னொரு கணினிக்குள் நுழையும் கருவி) வழியாகப் போய், என்னென்ன ஆப்ஷன் இருக்கிறது என்று பார்ப்பதற்காக 'சூடோ ஷட்டவுன் -எச்' அடித்தேன். சூடோ என்றால் கட்டளையை நிர்வாகி உரிமையோடு இயக்குவது. உதவி வரவில்லை. மெஷின் அணைய நேரம் குறித்தாகிவிட்டது என்று ஒரு வரி வந்தது. ஷட்டவுனுக்கு -எச் என்றால் 'அணை' என்று பொருள். நேரம் சொல்லாவிட்டால் சிஸ்டம்டி (லினக்ஸைத் தொடங்கி நிர்வகிக்கும் நிரல்) உள்ள மெஷின்கள் ஒரு நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். '-சி' கொடுத்து ரத்து செய்யலாம் என்று அந்த வரியிலேயே இருந்தது. பதற்றத்தில் கண்ணில் படவில்லை. இணைப்பு அறுந்தது. அந்த மெஷினை நேரில் போய்ப் பட்டனை அழுத்தித்தான் எழுப்ப வேண்டும். போனேன். அறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் திங்கட்கிழமைதான் வருவார் என்றார் காவலாளி.

திங்களன்றே திருத்தம் அனுப்பினேன். "-எச் நன்றாகத்தானே வேலை செய்கிறது" என்று கையேட்டைப் பார்த்துக்கொள்பவர்கள் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் சோதித்தது நாங்களே பைத்தானில் எழுதிய கருவிகளை. அவற்றில் பைத்தானோடு வரும் ஆர்க்பார்ஸ் என்ற நூலகம் -எச், --ஹெல்ப் இரண்டையும் தானாகவே கொடுத்துவிடும்.

வாதாடிப் பயனில்லை என்று, ஒவ்வொரு கட்டளையாக அடித்து, வந்ததை அப்படியே இணைத்தேன். வட்டு இடத்தைக் காட்டும் டிஎஃப், டியூ இரண்டிலும் -எச் அளவை எளிதில் படிக்கும்படி காட்டுகிறது. ஃபைல்களுக்குள் சொல் தேடும் கிரெப்பில் ஃபைல் பெயரை மறைக்கிறது. தரவுத்தளத்தோடு பேசும் பிஎஸ்க்யூஎல்லில் ஹோஸ்ட் பெயர், அதாவது எந்த சர்வர் என்று கேட்கிறது. ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க்கில் தனியாகக் கொடுத்தால் உதவி, மற்ற ஆப்ஷன்களோடு சேர்ந்தால் வேறு வேலை. ஆனால் அதன் உதவிக் குறிப்பே இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. ஆவணம் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

இரண்டாவது முறை திரும்பி வந்தது நியாயம்தான். "எல்லாவற்றுக்கும் --ஹெல்ப்" என்று எழுதியிருந்தேன். லினக்ஸில் வழக்கமாக வரும் க்னூ கருவிகளுக்கு அது பொருந்தும். மேக் வைத்திருந்த ஒருவர் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஸுக்கு 'எல்எஸ் --ஹெல்ப்' அடித்துக் காட்டினார், பிழைச் செய்தி வந்தது. எஸ்எஸ்எச்சுக்கும் அந்த ஆப்ஷன் கிடையாது.

இப்போது கையேட்டில் இருப்பது இதுதான்: முதலில் மேன் பக்கம் ('மேன்' கட்டளை காட்டும் கையேட்டுப் பக்கம்). அப்புறம் --ஹெல்ப். மேன் பக்கம் 'உதவி' என்று சொன்னால் மட்டுமே -எச். ஆப்ஷன் என்ன செய்யும் என்று சோதிக்கும்போது சூடோ வேண்டவே வேண்டாம்.

அலைந்ததில் தெரிந்துகொண்ட சிலவும் உண்டு. நிரல் மாற்றங்களைச் சேமிக்கும் கிட்டில் 'கிட் கமிட் -எச்' சுருக்கம் காட்டும், '--ஹெல்ப்' முழுக் கையேட்டையே திறக்கும். 2020இல் வந்த 7.73.0 பதிப்பிலிருந்து, இணைய முகவரிகளோடு தரவு பரிமாறும் கர்லில் --ஹெல்ப் முக்கியமானவற்றை மட்டுமே காட்டுகிறது; எல்லாம் வேண்டுமென்றால் பின்னால் 'ஆல்' சேர்க்க வேண்டும். உதவியைப் பக்கம் பக்கமாகப் படிக்க லெஸ் என்ற கருவிக்கு அனுப்பியும் அதற்குள் ஒன்றும் வரவில்லையா? அது பிழைச் செய்திகள் போகும் தனி வழியில் போயிருக்கும், இரண்டையும் ஒன்றாக்க, 2>&1 போட்டுப் பாருங்கள்.

நேற்று பக்கத்தைத் திறந்து பார்த்தேன். திருத்தத்தை ஏற்றவர், நான் கேட்காமலேயே, சூடோ வரியைத் தடித்த எழுத்தில் மாற்றியிருந்தார்.