மொட்டை மாடியில் அக்காவுக்கு ஒரு வீடு

பிப்ரவரி 2, 2025, ஞாயிறு

உறையூர் வீட்டில் கீழே அம்மாவும் நானும், முதல் மாடியில் சித்தப்பா குடும்பம். அத்தான் தவறியபின் அக்காவும் மகளும் எங்களோடு முன்னறையில்தான் இருக்கிறார்கள். பெற்ற அம்மாவின் வீடுதான். ஆனாலும் காபிப் பொடி டப்பாவைத் திறக்கும்முன் அக்கா ஒரு கணம் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறாள். ஒரு வருடமாகக் கவனிக்கிறேன், மனசு கேட்கவில்லை.

மொட்டை மாடியில் ஒரு ரூம் எடுத்துக் கொடுத்தால் போதும் என்று சொந்தத்தில் சொல்கிறார்கள். ரூம் போதாது. தனி சமையலறை, பாத்ரூம், பூட்டிக்கொள்ள ஒரு வாசக்கதவு, எல்லாம் சேர்ந்த போர்ஷனாக இருக்க வேண்டும். மாடிப்படி வெளிப்பக்கமாகவே மேலே போவதால் யார் வீட்டுக்குள்ளும் நுழைய வேண்டியதில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

வீட்டில் சித்தப்பாவுக்கும் பங்கு இருப்பதால் அவருடைய கையெழுத்து வேண்டும். கேட்டவுடன் சரி என்றார். அப்புறம், "மேலே பாரம் ஏறினா என் தலைக்கு மேல இருக்கிற கூரை தாங்குமாப்பா?" என்றார். நியாயமான கேள்வி. இன்ஜினியர் பார்த்துச் சொல்லாமல் ஒரு செங்கல்கூட ஏற்ற மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்ஜினியர் வந்தார். ஒரு தூணை ஒட்டி ஐந்தடி தோண்டி அடித்தளத்தைப் பார்த்தார், கான்கிரீட்டின் வலுவைப் பார்க்கச் சுத்தியல் டெஸ்ட்டும் செய்தார். கீழே எல்லாம் நன்றாக இருக்கிறது. மாடியில்தான் சிக்கல். பின்னாளில் மாடி எடுக்க என்று அன்றைய மேஸ்திரி விட்டுவைத்த தூண் கம்பிகள் இருபத்தைந்து வருடம் மழையில் நின்றிருக்கின்றன. மேலே சிமென்ட் பால்கூடப் பூசவில்லை. கையால் தேய்த்ததும் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. 16 மி.மீ. கம்பியை அளந்தால் ஓரிடத்தில் 14தான் இருந்தது.

மெலிந்ததை அறுத்துவிட்டு, துளை போட்டு, கம்பியைப் பிடித்துக்கொள்ளும் கெமிக்கல் ஊற்றிப் புதுக் கம்பி நட வேண்டும். நல்ல கம்பி இருக்கும் தூண்களில் பழசும் புதுசும் 80 செ.மீ. நீளத்துக்கு ஒன்றையொன்று ஒட்டி நிற்க வேண்டும், அதாவது கம்பி கனத்தைப் போல் 50 மடங்கு. வருங்காலத்துக்காகக் கம்பி விடுகிறவர்கள் தயவுசெய்து அதை சிமென்ட் குறைவாகக் கலந்த கான்கிரீட்டில் மூடி வையுங்கள். ஒரு மூட்டை சிமென்ட் செலவில் முடிகிற வேலை.

மார்ச் 9, ஞாயிறு

பிளான் ஆன்லைனில் போட்டாச்சு. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை (நாமே உறுதி சொல்லி உடனே அனுமதி வாங்குவது) தரைத்தளம், முதல் தளம் வரைதான். எங்களுடையது இரண்டாம் தளம் என்பதால் வழக்கமான அனுமதிதான் வாங்க வேண்டும். எஃப்.எஸ்.ஐ., அதாவது மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு, சரியாகவே வருகிறது. மனை 1,800 சதுர அடி, இரண்டு மடங்கு வரை கட்டலாம். இருப்பது 2,200, அக்கா வீடு 750.

ஏப்ரல் 6, ஞாயிறு

அனுமதி வந்து தூண்கள் எழும்பிவிட்டன. சுவருக்கு ஏஏசி பிளாக், உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான கல். செங்கல்தான் கெட்டி என்று மேஸ்திரி முணுமுணுத்தார். இன்ஜினியர் சிமென்ட் பை காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் உயரத்துக்கு ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் சுமார் 1,300 கிலோ. எட்டு அங்குல ஏஏசி 400 கிலோகூட வராது. அந்தக் காகிதத்தைச் சித்தப்பா வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மே 14, புதன்

ஒட்டு, அதாவது கூரைக் கான்கிரீட், போட்டாச்சு! விடிகாலை ஐந்துக்கு மிக்சர் ஓடத் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் பாதி முடிந்தது. மதியம் எல்லாருக்கும் பிரியாணி. சித்தாள் அக்காக்களுக்குத் தன் கையால் பரிமாறுவேன் என்று அக்கா நின்றாள்.

மே 18, ஞாயிறு

அக்னி நட்சத்திரம். தளத்தில் பாத்தி கட்டித் தேக்கிய தண்ணீர் மதியத்துக்குள் வற்றிவிடுகிறது. குறைந்தது பத்து நாள் ஈரம் காயக் கூடாது என்றார் இன்ஜினியர், நாங்கள் இருபத்தொரு நாள் விடுவதாக இல்லை. முட்டி வலியோடு அம்மா மேலே ஏறிவந்து, காய்ந்த மூலையைத் தேடித் தேடிச் சொம்பால் ஊற்றுகிறாள். வேண்டாம் என்றால் கேட்பதில்லை.

ஜூலை 13, ஞாயிறு

மின்வாரியத்திலிருந்து வந்தவர் தனி வாசல், தனி சமையலறை இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் புது மீட்டருக்குச் சரி என்றார். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் இனி அக்கா கணக்கிலும் உண்டு. அடுத்தது ரேஷன் கார்டு. சமையல் மேடையை மட்டும் அக்கா இரண்டு அங்குலம் இறக்கச் சொன்னாள், அவள் உயரத்துக்கு. இடித்துப் போட்டோம், மேஸ்திரி முகம் சுளிக்கவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினோம். இன்று காலை ஆறரைக்கு மேலேயிருந்து குக்கர் விசில். காபி ஆற்றிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள்.

"பருப்பு வேகுது. சாம்பார் வைக்கிறா போல."