வளவில் இறங்கும் வெயில்: ஓவிய நாட்குறிப்பு

18 ஜனவரி 2025, கானாடுகாத்தான்

காலை ஒன்பது மணி முதல் உச்சிப்பொழுது வரை ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில், அமர்ந்து நீர்வண்ணத்தில் வரைந்தேன். தை மாதத்துச் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், முற்றத்தின் வழியே இறங்கும் நண்பகல் வெயில் வடபுறத்துத் தேக்குத் தூண்களின் மீது விழுகிறது. நீர்வண்ணத்தில் வெயிலுக்கெனத் தனி வண்ணம் இல்லை. தாளின் வெண்மையைத் தொடாமல் விட்டுவைப்பதே வெயில். அப்படி விட்டுவைத்த பின், தாழ்வாரத்து நிழலைக் கறுப்பு கலந்து அழுத்தமாகத் தீட்டினேன். தூண்கள் எழுந்து நின்றன. நிழலோ தாளில் கரி அப்பியது போல உயிரற்றுக் கிடந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி அருகில் வந்து, “அவ்வளவு இருட்டா தம்பி அங்க? அங்கதானே உக்காந்து அரிசியில கல்லுப் பொறுக்குறேன்” என்றார்கள்.

19 ஜனவரி

ஆச்சி சொன்ன இடத்திலேயே இன்று நெடுநேரம் வரையாமல் அமர்ந்திருந்தேன். அரிசியில் கல் தெரியும் அளவுக்கு அந்த நிழலில் வெளிச்சம் இருக்கிறது; அது எங்கிருந்து வருகிறது என்பதே நான் கேட்கத் தவறிய கேள்வி. முற்றத்தை ஒட்டிய தரையில் வானத்தின் நீலம் படிகிறது. வெயில் தொட்ட ஆத்தங்குடித் தரை ஓட்டுக் கற்களோ, கண்ணாடியின் மீது வார்த்தெடுக்கப்பட்டதால் வந்த வழவழப்போடு, தங்கள் செம்மையைச் சுண்ணாம்புச் சுவரின் கீழ்ப்பகுதிக்கு அனுப்பிக்கொண்டிருக்கின்றன. ஆகவே கறுப்பை ஒதுக்கிவிட்டு, அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் கலந்து, வானம் பார்த்த பக்கம் நீலம் மிகவும், தரைக் கற்களை நெருங்கும் இடத்தில் சியன்னா மிகவும், இரண்டும் ஈரத்திலேயே ஒன்றிலொன்று கரையும்படி விட்டேன். நிழலுக்குள் காற்று புகுந்தது. நேற்றைய கறுப்பால் கிடைத்ததைவிட, விட்டுவைத்த வெண்மை இன்று கூடுதலாகவே ஒளிர்கிறது.

நேற்றைய படத்தில் இன்னொரு பிழையும் இருந்தது. சூரியன் மணிக்குப் பதினைந்து பாகை நகரும். மூன்று மணி நேரத்தில் நாற்பத்தைந்து. ஒரு தூணுக்குக் காலை நிழலையும் அடுத்ததற்கு நண்பகல் நிழலையும் வரைந்திருக்கிறேன். பிரான்சின் ரூவான் தேவாலயத்தை முப்பதுக்கும் மேற்பட்ட ஓவியத் திரைகளில் வரைந்த பிரெஞ்சு ஓவியர் குளோது மொனே, வெளிச்சம் மாறும்போதெல்லாம் திரையை மாற்றினார். அத்தனை திரைகளுக்கு வழியில்லாத நான், இனி முதல் பத்து நிமிடத்திலேயே நிழலின் எல்லைகளைப் பென்சிலால் குறித்துவிட்டு, வெயில் எங்கே நகர்ந்தாலும் அவற்றை மாற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

23 ஜனவரி, காரைக்குடி

மாலை ஏழு மணிக்குக் கடைத்தெரு. இங்கே ஒரு சூரியன் இல்லை. எல்.இ.டி. விளக்கின் நீலம் கலந்த வெண்மை, பூக்கடைக் குண்டு பல்பின் மஞ்சள், பேருந்தின் முகப்பு விளக்கு என்று ஒவ்வொரு மனிதருக்கும் இரண்டு மூன்று நிழல்கள் விழுகின்றன. அனைத்தையும் வரைந்தபோது படம் சிதறியது. பூக்கடை பல்பை மட்டும் தாளின் வெண்மையில் விட்டு, அதைச் சுற்றி மஞ்சளை மெல்லப் பரப்பி, மற்ற விளக்குகளை ஒரு படி மங்கலாக்கியதும் தெரு ஒன்றுகூடியது. பூ கட்டும் பெண்மணியின் விரல்கள்வரை அந்த மஞ்சள் சென்று சேர்ந்தது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது.

26 ஜனவரி

விடியலில் ஊருணிக் கரை. அக்கரைப் பனைகள் புகைநீலமாகவும், இக்கரைச் செம்மண் இளஞ்சிவப்பாகவும் இருந்தன. அசையாத நீரில் வானம் தன்னைவிடச் சற்று இருண்டும், பனைகளின் கருமை சற்று வெளிறியும் தெரிந்தன; இந்தச் சிறு வேறுபாட்டை வைத்த பிறகே நீர் நீராயிற்று. படிக்கட்டில் குடம் வைத்த இடத்தின் ஈரத்தில் ஒரு கோடு வெளிச்சம் மின்னியது. அதை விட்டுவைக்க மறந்து வண்ணம் பூசிவிட்டேன். நாளை ஆறு மணிக்கு அதே படியிலிருந்து, அந்தக் கோட்டை முதலில் ஒதுக்கிவிட்டுத் தொடங்க வேண்டும்.