மருந்துச் சலுகை தானாக வராது, கேட்டால்தான் வரும்: ஒன்ராறியோ அனுபவம்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 65 வயதானால் மருந்து சும்மா கிடைக்கும் என்று எங்கள் ஆட்கள் நிறையப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பாதிதான் சரி. 65ஆவது பிறந்தநாளுக்கு அடுத்த மாதம் முதலாம் தேதியிலிருந்து மாகாணத்தின் மருந்துத் திட்டத்தில் தானாகவே சேர்ந்துவிடுவோம், பார்மசியில் ஹெல்த் காட்டைக் கொடுத்தால் போதும். ஆனால் வருமானம் குறைந்தவர்களுக்கான சலுகை வேறு, அதற்கு நாம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எங்களுக்கு இதை எவரும் சொல்லவில்லை.

அப்பாவின் பார்மசி ரசீதுகளை எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இந்தத் திட்டத்துக்கு ஆண்டு ஆகஸ்ட் 1இல் தொடங்கும். அன்றிலிருந்து முதல் 100 டொலர் மருந்துச் செலவு அவருடைய கைக்காசு, அதற்குப் பிறகு ஒவ்வொரு மருந்துக்கும் 6.11 டொலர். சலரோகம், பிரெஷர், கொலஸ்ட்ரோல், இருதயம் என்று ஐந்து மருந்து எடுக்கிறார், மாதாமாதம் வாங்கினால் 30 டொலருக்கு மேல் போகும். பென்சனில் வாழ்கிற மனிதருக்கு அது சின்னக் காசே இல்லை. கேட்டால், "எல்லாரும் கட்டுறதுதானே பிள்ளை" என்கிறார்.

வருமானம் குறைந்தவர்களுக்கான அந்தச் சலுகைக்குத்தான் சீனியர்ஸ் கோ-பேமென்ட் புரோகிராம் என்று ஒரு போம் இருக்கிறது. பார்மசியிலேயே கேட்கலாம், இணையத்திலும் எடுக்கலாம். அது கிடைத்தால் அந்த 100 டொலர் இல்லை, ஒரு மருந்துக்கு அதிகபட்சம் 2 டொலர்தான், சில பார்மசிகள் அந்த 2 டொலரைக்கூட வாங்குவதில்லை. 2024 ஆகஸ்ட்டில் வருமான எல்லையை உயர்த்தினார்கள்: தனியாள் என்றால் 22,200இலிருந்து 25,000 டொலர், தம்பதி என்றால் 37,100இலிருந்து 41,500. அதனால் முன்பு மறுக்கப்பட்டவர்கள் தயவுசெய்து திரும்பவும் போடுங்கள். பார்ப்பது கணவன் மனைவி வருமானத்தை மட்டும்தான். பிள்ளையின் சம்பளத்தைப் பார்ப்பார்கள் என்று நினைத்து விண்ணப்பிக்காமலே இருக்கிற பெரியவர்களை எனக்குத் தெரியும், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. கணவன் மனைவி இரண்டு பேரும் கையொப்பம் வைக்க வேண்டும், ரக்ஸ் (வருமான வரி) ஒழுங்காக ஃபைல் பண்ணியிருக்க வேண்டும். வருமானமே இல்லாத அம்மாக்களுக்கும் ரக்ஸ் போட்டு வையுங்கள்.

அடுத்த தலையிடி அபிக்சபான். இரத்தம் கட்டியாகாமல் இருக்க அப்பாவுக்குக் கொடுத்த குளிசை. திட்டத்தில் இருக்கிற மருந்துதான், ஆனாலும் பார்மசியில் முழு விலை கேட்டார்கள். சில மருந்துகளை இன்ன நோய்க்கு என்றால்தான் அரசாங்கம் கட்டும், அதற்கு லிமிட்டட் யூஸ் கோட் என்று ஒரு எண்ணை டொக்டர் மருந்துச் சீட்டில் எழுத வேண்டும். அந்த எண் இல்லை, அவ்வளவுதான் விஷயம். பார்மசியில் இருந்தே டொக்டரின் கிளினிக்குக்கு ஃபக்ஸ் போனது, சரியாகிவிட்டது. ஆகவே விலையைக் கேட்டதும் காசை எடுக்காதீர்கள், "இதற்கு கோட் தேவையா?" என்று முதலில் கேளுங்கள். வழக்கமாக எடுக்கும் மருந்து என்றால் மூன்று மாதத்துக்குச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள், ஒவ்வொரு முறை வாங்கும்போதும்தானே அந்த 6.11 அல்லது 2 டொலர் கட்டணம்.

அம்மாவின் கதை வேறு. அவவுக்கு 62 வயது, பக்கவாதத்துக்குப் பிறகு வலது கை இயங்காது. ஓடிஎஸ்பி என்ற மாற்றுத்திறனாளி உதவி கிடைத்தால் மருந்தும் அதோடு வந்துவிடும், ஆனால் அப்பாவின் வருமானத்தால் அது அவவுக்குக் கிடைக்கவில்லை. அப்படிப்பட்டவர்களுக்குத்தான் டிரிலியம் என்ற மாகாண மருந்துத் திட்டம். வரி போக மிஞ்சும் குடும்ப வருமானத்தில் கிட்டத்தட்ட 4 சதவீதம் நாம் கட்ட வேண்டும், அதை நான்காகப் பிரித்து ஆகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே என்று காலாண்டுக்கு ஒரு பங்கு. அந்தப் பங்கு முடிந்ததும் மிச்சக் காலாண்டுக்கு ஒரு மருந்துக்கு 2 டொலர்தான். காலாண்டின் முதல் மாதம் கை கடிக்கும், அதற்கு முன்கூட்டியே காசு ஒதுக்கி வைக்கிறோம். போமை நிரப்பும்போது தனியார் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்ற இடத்தை மட்டும் வெறுமையாக விடாதீர்கள், எங்களுடையது அதனாலேயே திரும்பி வந்து, பிறகுதான் சரிவந்தது.