பழைய ஏர் பிஸ்டலைப் புதுப்பிக்கிறேன்: மரம், எஃகு, வார்ப்பு

பழைய ஏர் பிஸ்டல் ஒன்றை முழுவதும் பிரித்துப் புதுப்பிக்கும் வேலையில் முக்கால் பங்கு முடிந்திருக்கிறது. ஸ்பிரிங்கும் பிஸ்டனும் கொண்ட வகை, குழலின் உள்விட்டம் 4.5 மி.மீ. குழலும் காற்றை அமுக்கும் உருளையும் எஃகு, விசையை (ட்ரிகர்) தாங்கும் சட்டகம் வார்ப்பு உலோகம், கைப்பிடி வால்நட் மரம். கைக்கு வந்தபோது குழலின் மேல் பழுப்புத் துரு படர்ந்திருந்தது. சட்டகத்தின் கறுப்புப் பெயின்ட் ஓரங்களில் உதிர்ந்திருந்தது. கைப்பிடியின் வார்னிஷ் மஞ்சளித்து வெடித்திருந்தது. உள்ளே பிஸ்டன், ஸ்பிரிங், குழலின் வரிப்பள்ளங்கள் எல்லாம் நல்ல நிலையில் இருந்தன. புதுப்பிக்கத் தகுந்த பிஸ்டல் என்றால் இதுதான்: மேனி கெட்டு, உயிர் கெடாதது.

எதைத் தொடுவதில்லை என்பதை முதலில் முடிவு செய்தேன். வேகத்தைக் கூட்டும் வேலை எதுவும் கிடையாது. போட்டிக்கென்றே செய்யப்படும் பிஸ்டல்கள்கூட நொடிக்கு ஏறக்குறைய 150 மீட்டர் வேகத்தில்தான் குண்டை அனுப்புகின்றன; 10 மீட்டர் தொலைவில் உள்ள இலக்குத் தாளுக்கு அதற்கு மேல் தேவையே இல்லை. வலுவான ஸ்பிரிங்கைப் போட்டால் அதிர்வு கூடும், குறி கெடும், பல நாடுகளில் சட்டத்தின் வரம்பும் தாண்டும். விசையின் உள்ளே ஒன்றோடொன்று கொக்கியாக நிற்கும் பாகங்களையும் தேய்க்கவில்லை. அவற்றின் கடினப்படுத்திய மேல்தோல் மிக மெல்லியது. அதைத் தேய்த்து இழந்தால் விசை தானாக விடுபடும் ஆபத்து வரும். தயாரித்தவர் கொடுத்த திருகுகளால் எவ்வளவு சரிசெய்ய முடியுமோ அவ்வளவு போதும்.

பிரிப்பதில் ஒரே ஒரு இடத்தில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது: ஸ்பிரிங். ஓய்வு நிலையிலும் அது அமுங்கியேதான் இருக்கும். பின்புற ஆணியைத் தட்டி எடுத்தால் உருளையின் பின் அடைப்பு முகத்தை நோக்கிப் பாயும். மரக்கட்டைகளும் நீளத் திருகும் கொண்டு ஒரு இறுக்குச் சட்டம் செய்து, அதில் உருளையைப் பொருத்தி, அழுத்தத்தைத் திருகின் மேல் ஏற்றிய பிறகே ஆணியை எடுத்தேன். கண்ணாடி அணியாமல் இந்த வேலையைத் தொடக் கூடாது. அழுத்தக் காற்று அல்லது கார்பன் டை ஆக்சைடு உருளை உள்ள பிஸ்டல் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன்: அந்த உருளையைச் சூடாக்காதீர்கள், துளையிடாதீர்கள், தேய்த்து மெலிதாக்காதீர்கள். போட்டி பிஸ்டல்களில் 200 பார் அழுத்தம் அடைபட்டிருக்கும். அதன் அழகைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இனி மரம். என் நேரத்தின் பெரும்பகுதி இங்கேதான் போனது, போகவும் வேண்டும். குழலில் செய்யும் எந்தப் பூச்சும் இலக்கில் எடுக்கும் புள்ளிகளில் ஒன்றைக்கூடக் கூட்டித் தராது. கைப்பிடி கூட்டித் தரும். வீட்டில் பிஸ்டலைத் தனக்கென மாற்றிக்கொள்ள நினைப்பவர் முதலில் கைவைக்க வேண்டிய இடம் இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பழைய வார்னிஷை உப்புத்தாளால் தேய்த்து எடுக்கவில்லை. தாள் வார்னிஷோடு மரத்தையும் தின்னும். குறிப்பாக மரமும் உலோகமும் சந்திக்கும் விளிம்புகள் உருண்டு, இரண்டுக்கும் நடுவே பள்ளம் தெரியும். பெயின்ட் நீக்கியைத் தடவி, மரச் சுரண்டியால் வழித்தெடுத்தேன். விளிம்பில் தாள் போட வேண்டிய கட்டத்தில் கைப்பிடியைச் சட்டகத்தில் திருகி, உலோகத்தின் மேல் ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டு தேய்த்தேன். பழைய எண்ணெய் ஊறிக் கறுத்திருந்த இடத்தில் சுண்ணக்கட்டித் தூளை அசிட்டோனில் குழைத்துப் பூசினேன். காயக் காய அது எண்ணெயை மேலே இழுத்துத் தானே பழுப்பாகிறது. உதிர்த்துவிட்டு மறுபடி பூச வேண்டும். ஜன்னலைத் திறந்து, அருகில் நெருப்பு இல்லாமல் செய்ய வேண்டிய வேலை இது. நசுங்கிய தடங்களுக்கு ஈரத்துணியை வைத்து மேலே சூடான இஸ்திரிப் பெட்டியை ஒற்றினால் போதும். நார் அறுபடாமல் நசுங்கியிருந்தால் நீராவி அதை எழுப்பிவிடும்.

பிறகு வடிவம். உள்ளங்கையில் மெல்லிய கரித்தூளைத் தடவிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தால், அழுத்தம் அதிகமுள்ள மேடுகளில் கறுப்பு ஒட்டும். அந்த மேட்டை மட்டும் அரத்தால் சிறிது எடுத்து, துடைத்து, மீண்டும் பிடித்துப் பார்க்க வேண்டும். இடைவெளி உள்ள இடத்தில், என் விஷயத்தில் சுண்டுவிரலுக்கு மேலேயும் கட்டைவிரலின் அடிமேட்டிலும், எபாக்சிப் புட்டியை அப்பி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்திப் பிடித்தேன். இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. முழங்கையை மடக்கி மடியில் வைத்துப் பிடிக்கும் கையும், குறிபார்க்க நீட்டிய கையும் ஒரே வடிவம் அல்ல. கையை நீட்டும்போது மணிக்கட்டு முன்னே சாய்கிறது, உள்ளங்கையின் தசை இடம் மாறுகிறது. அதனால் புட்டி இறுகத் தொடங்கும் நேரத்தில் நின்று, கையை நீட்டி, குறிபார்க்கும் நிலையில்தான் அழுத்த வேண்டும்.

சரியாக வந்ததா என்பதற்குக் கண்ணை மூடிச் செய்யும் சோதனை இருக்கிறது. குண்டு போடாத பிஸ்டலைப் பிடித்து, கண்ணை மூடி, கையைக் குறி உயரத்துக்குத் தூக்கி, கண்ணைத் திற. பின்குறியின் (பின்னால் உள்ள குறிபார்க்கும் தகடு) வெட்டுக்குள் முன்குறி (குழல் முனையில் நிற்கும் தகடு) நடுவில் நிற்க வேண்டும். எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அதுவே எங்கே மரம் மிகுதி, எங்கே குறைவு என்று சொல்லிவிடும். விரல்களுக்கு ஆழமான பள்ளம் வெட்ட எனக்கு விருப்பம் இல்லை. நன்றாக அமைந்த கைப்பிடி விரலை வழிநடத்தும், கட்டாயப்படுத்தாது.

போட்டியில் கலந்துகொள்ளும் எண்ணம் இருந்தால் சர்வதேசத் துப்பாக்கி சுடும் சம்மேளனத்தின் விதிகளை அரத்தை எடுக்கும் முன்பே படித்துக்கொள்வது நல்லது. கைப்பிடியின் எந்தப் பகுதியும் மணிக்கட்டுக்கு முட்டுக்கொடுக்கக் கூடாது. பிஸ்டல் முழுவதும் 420 x 200 x 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும். எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது, விசையை விடுவிக்கத் தேவையான இழுப்பு 500 கிராமுக்குக் குறையக் கூடாது. பக்கவாட்டில் 50 மி.மீ. என்பதுதான் பிடியைத் தடிமனாக்குபவர்களைப் பிடித்துக்கொள்ளும்.

வடிவம் முடிந்ததும் சொரசொரப்பு. கோடு கோடாக வைர வடிவில் செதுக்குவது அழகுதான், ஆனால் புட்டி நிரப்பிய வளைவுகளில் கோடு நேராக ஓடாது. நான் புள்ளி குத்துவதைத் தேர்ந்தெடுத்தேன். பஞ்ச் ஒன்றின் முனையை முப்பட்டையாகத் தீட்டி, எல்லைக் கோட்டை முதலில் வெட்டிக்கொண்டு, சிறு சுத்தியலால் ஒழுங்கற்ற வரிசையில் தட்டிக்கொண்டே போக வேண்டும். பொறுமை வேண்டும், ஆனால் கை பழகியபின் மனம் அமைதியாகிறது. வலப்பக்கம் முடிந்துவிட்டது. வியர்த்த கையிலும் பிடி நழுவுவதில்லை.

மேல்பூச்சுக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய். துணியில் சில சொட்டு எடுத்துத் தேய்த்து, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட்டு, ஒரு நாள் காயவிட்டு, மீண்டும். தடித்த ஒரு பூச்சு பிசுபிசுப்பாக நின்றுவிடும். மெல்லிய பல பூச்சுகள்தான் வால்நட்டின் ரேகைகளை உள்ளிருந்து எழுப்பும். புள்ளி குத்திய பகுதிக்கு ஒரே பூச்சு. மேலும் பூசினால் குழிகள் அடைந்துவிடும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேரும்போது வெப்பத்தை வெளிவிடும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் தேங்கித் தானாகத் தீப்பற்றும். விரித்துக் காயவைக்க வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கி மூடிய டப்பாவில் வைக்க வேண்டும்.

அடுத்து எஃகு. குழலுக்கு நீலப்பூச்சு, அதாவது எஃகின் மேல் கருநீலத் தோலை உண்டாக்குவதற்கு, மூன்று வழிகள் உண்டு. பாட்டிலில் வரும் குளிர் நீலப்பூச்சு எளிது: செலினியமும் செம்பும் கலந்த அமிலக் கரைசல், தடவியதும் கறுக்கும். திருகுத் தலைகளுக்கும் சிறு பாகங்களுக்கும் அதைப் பயன்படுத்தினேன். நச்சுப் பொருள், கையுறை கட்டாயம். துருவைத் தடுக்கும் ஆற்றலும் குறைவு. கொதிக்கும் காரக் கரைசலில் முக்கும் தொழிற்சாலை முறை ஏறக்குறைய 140 பாகை செல்சியஸில் நடப்பது. தெறித்தால் சதையைத் தின்னும், அலுமினியத்தைக் கரைக்கும். வீட்டுக்கு ஆகாது. மூன்றாவது, மெல்லத் துருப்பிடிக்கவைத்துக் கொதிக்கவைக்கும் பழைய முறை. அதைத்தான் எடுத்துக்கொண்டேன்.

தயாரிப்பில்தான் எல்லாமே இருக்கிறது. நீலப்பூச்சு எதையும் மறைப்பதில்லை, கீறலைப் பெரிதாக்கிக் காட்டும். 240 எண் உப்புத்தாளில் தொடங்கி 320, 400 என்று போய் அங்கேயே நின்றேன். அதற்கு மேல் பளபளப்பாக்கினால் இந்த முறையில் துரு சீராகப் பிடிக்காது. தாளை எப்போதும் மரக்கட்டையில் சுற்றி, குழலின் நீளவாக்கில் தேய்க்க வேண்டும். விரலால் அழுத்தினால் அலை அலையாகப் பள்ளம் விழும். பெயர் பொறித்த இடத்தையும் வரிசை எண்ணையும் சுற்றித் தேய்த்தேனே தவிர மேலே தேய்க்கவில்லை. எழுத்தின் கூர்மை போனால் பிஸ்டலின் முகமே போனதுபோல் ஆகிவிடும். வரிசை எண்ணை அழிப்பது பல நாடுகளில் குற்றமும்கூட.

பிறகு அசிட்டோனால் எண்ணெய்ப்பசை முழுவதையும் நீக்கி, கையுறையோடு மட்டுமே தொட்டேன். குழலின் இரு முனைகளையும் மரத்தக்கையால் அடைத்து, துருப்பிடிக்கவைக்கும் கரைசலை ஏறக்குறைய உலர்ந்த துணியால் ஒரே இழுப்பாகத் தடவி, ஈரமான பெட்டிக்குள் வைத்தேன். சில மணி நேரத்தில் வெல்வெட் போன்ற மெல்லிய செம்பழுப்பு படர்கிறது. நீர்த்துளி போலப் புள்ளிகள் விழுந்தால் கரைசல் அதிகம் என்று பொருள். இப்போது தக்கையை எடுத்துவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் குழலைக் கொதிக்கவிட வேண்டும். இரு முனையும் அடைத்துக் கொதிக்கவைத்தால் உள்ளே ஆவி சேர்ந்து தக்கை வெடித்துப் பறக்கும். கொதிநீரில் செந்துரு கறுந்துருவாக, அதாவது மேக்னடைட்டாக மாறுகிறது. அந்த மாற்றத்தைப் பாத்திரத்தின் அருகில் நின்று பார்ப்பதில் எனக்கு இன்னும் அலுப்பு வரவில்லை. வெளியே எடுத்து, உட்புறத்தை உடனே துணித்துண்டால் உலர்த்தி, எண்ணெய் நீக்கிய மிக மெல்லிய ஸ்டீல் வுல்லால் மேலே நின்ற கறுப்புத் தூளை நீவி எடுத்தால், அடியில் சாம்பல் நிறம் தெரியும். மறுபடி கரைசல், மறுபடி கொதி. நிறம் மேலும் ஆழமாகாத கட்டத்தில் நிறுத்தி, சூட்டோடு எண்ணெய் பூசி வைத்தேன். கிடைத்திருப்பது மினுமினுப்பு இல்லாத, ஆழமான கருநீலம்.

அமுக்க உருளையை இந்த முறைக்கு உட்படுத்தவில்லை. அதன் உட்சுவர் கண்ணாடிபோல் இருக்க வேண்டும். அங்கே துருவின் நிழல்கூட விழக் கூடாது. வெளிப்புறத்தில் பழைய நீலம் பெரும்பாலும் நன்றாகவே இருந்ததால், எண்ணெயும் ஸ்டீல் வுல்லும் கொண்டு துடைத்ததோடு விட்டுவிட்டேன்.

வார்ப்புச் சட்டகத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதில் இரும்பு இல்லாததால் நீலப்பூச்சு பிடிக்காது, பெயின்ட்தான். கம்பித் தூரிகை போடாமல் பழைய பூச்சை நீக்கி, உலோகத்தைக் கவ்வும் பிரைமர் ஒரு கை, அதன்மேல் மங்கலான கறுப்பு எபாக்சி மெல்லிய கைகளாக. அடுப்பில் வைத்துச் சுடவில்லை. வார்ப்புக்குள் அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து மேலே கொப்புளமாக எழும். பொறுமையாகக் காயவிட்டாலே பூச்சு கல்லாக இறுகிவிடும்.

பூட்டும்போது பிஸ்டனின் பக்கங்களில் மாலிப்டினம் பசையைப் பூசித் துடைத்தெடுத்தேன். அமுக்க அறைக்குள் பெட்ரோலிய எண்ணெய் போகக் கூடாது. அமுங்கும் காற்றின் சூட்டில் அது டீசல் எஞ்சினில் நடப்பதுபோல் வெடித்து, பிஸ்டனின் காற்றடைப்பு வளையத்தைக் கெடுக்கும். விசையைத் திருகால் சரிசெய்து, குண்டு போட்டு, குழலைக் குண்டுபிடிப்பானை நோக்கி வைத்து, ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பார்த்தேன். 600 கிராமுக்குச் சற்று மேல் விடுபடுகிறது, அப்படியே இருக்கட்டும். குண்டில்லாமல் இந்த வகையைச் சுடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். காற்றின் தடுப்பு இல்லாமல் பிஸ்டன் நேரே முன்சுவரில் மோதும்.

மிச்சம் இருப்பது கைப்பிடியின் இடப்பக்கப் புள்ளிகளும் முன்குறியும். 10 மீட்டர் பிஸ்டல் தாளில் கறுப்பு வட்டம் 59.5 மி.மீ. என் கண்ணிலிருந்து முன்குறிக்கு ஏறக்குறைய 85 செ.மீ.; அந்தத் தொலைவில் 4.5 மி.மீ. அகலத் தகடு, தாளின் மேல் 53 மி.மீ. அளவுக்குத் தெரியும். வட்டத்தைவிடச் சற்றே ஒடுங்கிய தகடு எனக்குப் பிடித்தது. இப்போதுள்ளது 3 மி.மீ., மிக மெலிது. எஃகுத் தகடு ஒன்றை 4.5 மி.மீ. அகலத்துக்கு அராவி வைத்திருக்கிறேன். பின்முகத்தை ஒளி பட்டு மின்னாதபடி சிறிது உள்சாய்வாகச் சீவி, குளிர் நீலப்பூச்சிட்டுப் பொருத்த வேண்டும். அகலமான தகடு வந்ததும் பின்குறியின் வெட்டும் விரிய வேண்டியிருக்கும். அதைத் தகட்டோடு வைத்துப் பார்த்த பிறகே அரத்தைத் தொடுவேன்.